இரண்டாம் எண் வீடு

இதில் எதை என் கண்ணால் பார்த்தேன், எதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் நீலம். அது எப்போதும் நீலமாகவே இருந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் அலமாரியை நகர்த்தினால் பின்னால் பழைய வெள்ளை தெரிகிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் நகர்த்திப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் நான் சொல்வதில் பாதியை நீங்கள் தள்ளிவிடலாம். எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

டொலிடோ நகரத்தில், நதிக்குக் கிழக்கே எங்கள் தெரு. எதிர்வீட்டுக்கு ஒரு பிப்ரவரி மாதம் மூன்று பேர் குடிவந்தார்கள். ரோஸான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கணவன் டுவெய்னுக்குக் கார் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது ஆள் ரோஸானின் அப்பா எல்மர் வார்கா. நாற்பது வருடம் நகரக் குடிநீர் நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். எண்பதைத் தாண்டியிருந்தார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

நான்கு வருடத்தில் அவர்கள் மூன்று வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். மற்றதெல்லாம் மறந்துபோன எல்மருக்கு அந்த மூன்று முறை பெட்டி கட்டியது மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் மகளிடம் கேட்பார்.

"ஏம்மா, இங்க எத்தனை நாளைக்கு?"

"கடைசி வரைக்கும்ப்பா. இது நம்ம வீடு."

"பத்திரம் இருக்கா?"

"இருக்குப்பா."

பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டுவாள். அவர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் மறுபடி கேட்பார். இரண்டு மாதம் இப்படிப் போனபிறகு, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு வாரமாக அவர் கேட்கவில்லை என்று ரோஸான் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சொல்லக்கூடாத நல்ல செய்தி அது, சத்தமாகப் பேசினால் பறந்துவிடும் போல.

அவர் கேட்பதை நிறுத்தியதற்குக் காரணம் நிலவறை. எங்கள் தெருவில் எல்லா வீட்டு நிலவறையிலும் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும். மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மோட்டார், ஊறுவதை அது வெளியே தள்ளும். எல்மர் அந்த மோட்டாரைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். மேலே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அது ஓடுவதையும் நிற்பதையும் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வீட்டின் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவனை அந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்பமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

இனி அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 'மூன்று வீடு, ஒரு சாவி' என்று பெயர். ஒரு தம்பதி மூன்று வீட்டைப் பார்ப்பார்கள். முதல் வீட்டில் குளியலறை சின்னது, இரண்டாவதில் சுவர் நிறம் சரியில்லை, மூன்றாவதில் தோட்டம் போதாது. விளம்பரம் முடிந்து வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். வாடகை வீட்டில் இருந்த காலமெல்லாம் ரோஸானும் டுவெய்னும் இதைப் பார்த்தே வீடு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். முதல்முறை தரகரிடம் போனபோது டுவெய்ன், "சரி, மத்த ரெண்டையும் காட்டுங்க. அப்புறம் சாயங்காலம் முடிவைச் சொல்றோம்" என்றானாம். அந்தத் தரகர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

ஒன்பது வீட்டுக்கு விலை கேட்டார்கள். ஒன்பதும் கைநழுவிப் போயின. எங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் விற்கிறவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது வழக்கம்: உங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்ததும் எங்கள் மனம் நிறைந்தது, இந்த மரத்தடியில் எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள், இந்த மாதிரி. ரோஸான் ஒன்பது கடிதத்திலும் உண்மையை எழுதினாள். பத்தாவதில் டுவெய்ன் தன் மேற்பார்வையாளரின் நாயைக் கடன் வாங்கி, மூவரும் நாயுமாகப் படம் எடுத்து இணைத்தான். வீட்டுக்காரக் கிழவிக்கு நாய் என்றால் உயிர். வீடு கிடைத்தது. அதுவும், பரிசோதனை ஆளைக் கூட்டிவந்து கூரையும் நிலவறையும் பார்க்கிற உரிமையை எழுதி விட்டுக்கொடுத்த பிறகுதான் கிடைத்தது.

குடிவந்த வாரமே ரோஸான் அந்தச் சேனலுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். நகலை என்னிடம் காட்டினாள். நான் முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் என்பதால் பிழை திருத்தச் சொன்னாள். திருத்த ஒன்றுமில்லை. "எங்களுக்கு யாரும் மூன்று வீட்டைக் காட்டவில்லை. பத்து வீட்டுக்கு எங்களைத்தான் காட்டினார்கள். ஒன்பது வீடு எங்களை வேண்டாமென்றது. நாங்கள் காரில் உட்கார்ந்து அழுதோம். அதை ஏன் நீங்கள் காட்டுவதில்லை?"

பத்து நாளில் பதில் வந்தது. 'உங்கள் ஆர்வம் எங்கள் நெஞ்சைத் தொட்டது. நீங்கள் நிகழ்ச்சிக்குத் தேர்வாகிவிட்டீர்கள்.'

"நான் திட்டித்தானே எழுதினேன்?" என்றாள் ரோஸான்.

"படிச்சிருக்க மாட்டாங்க. எவ்வளவு நீளம்னு அளந்து பாத்திருப்பாங்க," என்றான் டுவெய்ன். "போகாத."

"போறேன். கேமரா முன்னாடி நின்னு அந்த ஒன்பது வீட்டுக் கதையைச் சொல்லிட்டு வந்துடறேன். என்னை மாதிரி எத்தனை பேரு இதைப் பாத்துட்டு ஏமாறுறாங்க."

"உன் பஸ்ல ஏறினவனே நீ சொல்றதைக் கேக்கறதில்ல."

"இறங்கச் சொன்னா இறங்கறான்ல?"

ஏப்ரல் நடுவில், மழையோடு, நான்கு வண்டிகளில் வந்தார்கள். பொறுப்பாளர் கோர்ட்னி என்கிற பெண். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், எல்லாரும் செல்லம்தான். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு செல்லம். இப்ப இதையெல்லாம் காலி பண்ணிடலாம்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். நீங்க இன்னும் இந்த வீட்டைப் பாக்கவே இல்லையே."

"நாங்க இங்க குடியிருக்கோம்."

"அது சட்டப்படி. கதைப்படி நீங்க வெள்ளிக்கிழமைதான் முதல்ல பாக்கறீங்க."

கட்டில், மேசை, எல்மரின் நாற்காலி எல்லாம் லாரியில் ஏறின. வாங்கி முடித்தவர்களைத்தான் நிகழ்ச்சிக்கு எடுப்பார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இடையில் வியாபாரம் முறிந்துவிட்டால் படம் பிடித்த செலவு வீணாகுமாம். வாங்கிய வீடு ஒன்று, வாங்காத வீடு இரண்டு. வாங்காத இரண்டை அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பார்கள்.

ரோஸான் கோர்ட்னியிடம் ஒன்பது வீட்டுக் கதையை எப்போது சொல்லலாம் என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோர்ட்னி அவள் தோளில் கைவைத்து நிதானமாகப் பேசினாள்.

"நாங்க பொய்யே சொல்றதில்ல செல்லம். அதைப் பாத்துக்க ஒரு தனித் துறையே வெச்சிருக்கோம். நடந்ததைத்தான் காட்டறோம், எது முதல்ல நடந்துச்சுங்கறதை மட்டும் நாங்க முடிவு பண்ணுவோம். பேங்க்கைக் காட்டினா ஜனங்க சேனலை மாத்திடறாங்க. ஒரு தடவை காட்டினோம், ஏழு செகண்டு. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் விளம்பரக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். அழுகை வேண்டாம்னு சொல்லல. தாராளமா அழுங்க. ஆனா சமையல் மேடையைப் பாத்து அழணும்."

அவர்களுடைய உண்மையான தரகர் குட்டையாக, வழுக்கையாக இருந்ததால், கதையில் தரகராக டிரெவர் என்பவனைக் கொண்டுவந்திருந்தார்கள். பளிச்சென்ற பல். படப்பிடிப்புக்கு நடுவே என் வீட்டு வாசலில் நின்று சிகரெட் பிடித்தபோது, "எத்தனை வீடு வித்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கூட இல்லீங்க. லைசென்ஸ் இருக்கு. நானே ரெண்டு பேரோட அறையைப் பங்கு போட்டு வாடகைக்குத்தான் இருக்கேன். வாங்கலாம்னுதான் இருக்கு," என்றான். "மூணைப் பாத்துட்டு முடிவு பண்ணணும்." சிரிக்காமல்தான் சொன்னான்.

நாய் வேண்டும் என்றார்கள், ரோஸான் புகார்க் கடிதத்தோடு அனுப்பிய அந்தப் படத்தில் நாய் இருந்ததால். மேற்பார்வையாளர் நாயோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். சேனலே ஒரு நாயை அழைத்துவந்தது. அதன் நிறம் வேறு. அது எல்மரைத் தவிர யாரிடமும் போகவில்லை. எல்மர் கதையில் இல்லாததால், நாயையும் அவரையும் பிரிக்க ஒரு ஆளை நியமித்தார்கள்.

மூன்றாம் எண் வீடாக அவர்கள் பிடித்தது, ரோஸான் கைநழுவவிட்ட ஒன்பதில் நான்காவது. அதை வாங்கியவர்கள் படப்பிடிப்புக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காகத்தான் அவள் அதிகம் அழுதது. இப்போது உள்ளே போய், சமையலறை நடுவில் நின்று, வீட்டுக்கார அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, "ரொம்பக் குறுகலா இருக்கு. எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்தாளாம்.

"தப்புத்தான்," என்றாள் அன்று மாலை என்னிடம். "ஆனா ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு லைல்."

இரண்டாம் எண் வீடு என்னுடையது. ஒரு சுவருக்கு நீலம் அடித்தார்கள். என் புத்தகங்களையெல்லாம் எடுத்து, தலைப்புகள் சுவரைப் பார்க்க, தாள் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கினார்கள். தலைப்புகள் கண்ணை உறுத்துகின்றனவாம். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் எனக்கு முதுகைக் காட்டாமல் நின்றன. நான் கதவுக்குப் பின்னால் நிற்க அனுமதி கிடைத்தது. டுவெய்ன் என் வாசிப்பறைக்குள் வந்து, எழுதிக் கொடுத்ததைச் சொன்னான்: "இந்த ரூம்ல யாராவது மனுஷன் இருப்பானா? இடிச்சிட்டுப் பெரிய டிவி வெக்கலாம்."

கோர்ட்னி போதுமென்று கைகாட்டியதும் அவன் கதவருகே வந்து, "மன்னிச்சிடுங்க லைல்" என்றான். பரவாயில்லை என்றேன். அந்த அறையில் நான் இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறேன். அன்று மாலை முழுக்க அதில் உட்கார்ந்து, இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் கோர்ட்னி காகிதங்களோடு வந்தாள். மூன்று வீட்டுக் காட்சிகளையும் வேறொரு நகரத்தில் இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நீலச்சுவர் பிடித்துவிட்டது.

"அதனால நீங்க ரெண்டாம் எண்ணைத் தேர்ந்தெடுக்கறீங்க," என்றாள் ரோஸானிடம். என் பக்கம் திரும்பி, "வாழ்த்துகள் செல்லம். உங்க வீடு வித்துப்போச்சு" என்றாள்.

"நாங்க வாங்கினது இதை," என்றாள் ரோஸான், தன் காலடித் தரையைக் காட்டி.

"வாங்கினது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம். தேர்ந்தெடுக்கறதுதான் எங்களோடது. ஒப்பந்தத்துல இருக்கு."

மறுநாள் எதிர்வீட்டின் காலி முன்னறையில் கடைசிக் காட்சி. ரோஸான் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்ல டுவெய்ன், இந்த வீடு நமக்கு ஒத்துவராது. இதை விட்டுடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பதிலாக, ஒன்பது வீட்டுக் கதையை அரை நிமிடம் சொல்ல விடுவதாகக் கோர்ட்னி வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த அரை நிமிடத்துக்காக ரோஸான் சம்மதித்தாள்.

இரவெல்லாம் பெய்த மழை விடவில்லை. ஒலிப்பதிவு செய்கிறவன் முதலில் குளிர்பெட்டியை நிறுத்தச் சொன்னான். பிறகு கடிகாரத்தை. அப்புறமும் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கீழ ஏதோ உறுமுது" என்றான். யாரோ போய் மோட்டாரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தார்கள். சேனலின் உபகரணப் பெட்டிகளெல்லாம் நிலவறையில்தான் இருந்தன, மழைக்கு ஒதுங்கின இடம் என்று. அங்கே டிரெவர் ஏற்கெனவே ஒரு காட்சி நடித்துக் கொடுத்திருந்தான்: "பாருங்க, எவ்வளவு காஞ்சு, விசாலமா இருக்கு!"

படப்பிடிப்பு முடியும்வரை எல்மரை என் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். தட்டில் கோழி பாப்ரிகாஷ் என்கிற மிளகாய்க் குழம்பு போட்டுக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடும் மோட்டார் எனக்குக் கேட்காது. அவருக்கு அதுவரை கேட்டதா என்று தெரியாது, ஆனால் இப்போது கேட்கவில்லை என்றார்.

"ஏம்ப்பா லைல், மோட்டார் நின்னு போச்சு."

"மழை குறைஞ்சிருக்கும்."

"எனக்கா சொல்ற?" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். நாயும் வந்தது.

நாங்கள் வாசலில் கால் வைத்தபோது ரோஸான் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்ல டுவெய்ன், இந்த வீடு நமக்கு ஒத்துவராது. இதை விட்டுட..."

எல்மர் நின்றுவிட்டார். நாற்காலி இல்லாத, மேசை இல்லாத அறையைப் பார்த்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எப்பம்மா காலி பண்ணணும்?" என்று கேட்டார். கோபம் ஒன்றுமில்லை. பழக்கப்பட்ட குரல்.

நான் என் வாழ்நாளில் நிறைய மௌனங்களில் இருந்திருக்கிறேன், அவற்றை விரும்பியும் இருக்கிறேன். அப்போது வந்ததை விரும்பவில்லை.

"அருமை!" என்றாள் கோர்ட்னி மெல்ல. "அவரை வெச்சு இன்னொரு தடவை எடுக்கலாமா? தாத்தா, அதே மாதிரி வெளியில போயிட்டு வாங்க. வீட்டோட சேர்ந்து வர்ற பழைய காவலாளின்னு வெச்சுக்கலாம்."

எல்மர் அவளைப் பார்க்கவில்லை. "பெட்டியைக் கட்டறது இருக்கட்டும். முதல்ல கீழ தண்ணியைப் பாக்கணும்," என்று நிலவறைக் கதவைத் திறந்தார். படிகளில் கடைசி இரண்டைக் காணோம். சேனலின் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மெதுவாக மிதந்துகொண்டிருந்தன. அவர் சுவரைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கினார். டுவெய்ன் பின்னால் குதித்தான். தண்ணீர் எட்டாத உயரத்திலிருந்த சொருகுபலகையில் இணைப்பைச் செருகச் சொல்லிக் கிழவர் அதட்டுவதும், மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்குவதும் எங்களுக்குக் கேட்டது.

"சத்தம்!" என்றான் ஒலிப்பதிவுக்காரன்.

ரோஸான் கேமராவுக்கு நேராகப் போய் நின்றாள்.

"எழுதி வெச்சுக்கங்க. ஒன்பது வீடு எங்களை வேண்டாம்னுச்சு. ஒவ்வொரு தடவையும் கார்ல உக்காந்து அழுதோம். பத்தாவது வீட்டம்மா இரவல் நாயைப் பாத்துக் குடுத்தாங்க. கீழ தண்ணி வரும், மேல கூரை ஒழுகும், பேங்க்குக்கு முப்பது வருஷம் கட்டணும். இது என் வீடு. எங்கப்பா வீடு. யாரும் காலி பண்ணப் போறதில்ல."

"செல்லம், ஒப்பந்தத்துல நீங்க ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கறதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தேர்ந்தெடுத்தாச்சு."

"வக்கீல்..."

ரோஸான் குரலை உயர்த்தவில்லை. பேருந்தில் பேசும் குரலில் பேசினாள், கடைசி இருக்கை வரைக்கும் போகிற குரல்.

"கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க."

ஆச்சரியம் என்னவென்றால், இறங்கினார்கள். வெளிச்சக்காரர்கள், ஒலிக்காரன், டிரெவர், நாயைப் பிரிக்கிற ஆள், வரிசையாக, படியில் தலையைக் குனிந்துகொண்டு. டிரெவர் மட்டும் வாசலில் திரும்பி, "பத்து வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கோர்ட்னி கடைசியாகப் போனாள். சாமான் லாரியை டுவெய்ன் தானே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். முதலில் இறங்கியது எல்மரின் நாற்காலி.

செப்டம்பரில் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. தெருவே என் வீட்டில் கூடிப் பார்த்தோம். ரோஸான் மூன்றாம் வீட்டில் சிரித்த சிரிப்பு என் நீலச்சுவருக்கு முன்னால் வந்தது. அவள் குரல், அன்று பேசியதிலிருந்து பொறுக்கி எடுத்த மூன்றே வார்த்தை, என் வாசல் கதவின் படத்தின் மேல் ஒலித்தது: "இது என் வீடு." முடிந்தது. யாரும் அழவில்லை, பேங்க் இல்லை, எல்மர் இல்லை. டிரெவரின் காய்ந்த நிலவறை மட்டும் இருந்தது.

மறுநாளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் என் கதவைத் தட்டி, ரோஸான் இருக்கிறாளா, சுவரைப் பார்க்கலாமா என்றார்கள். எதிர்வீடு என்று சொன்னால் நம்பவில்லை. "நாங்க டிவில பாத்தோமே" என்றார்கள். ஒரு அம்மாள் என்னை, பழைய வீட்டுக்காரர் இன்னும் காலி பண்ணவில்லையா என்று கண்டித்துவிட்டுப் போனாள்.

தேர்தல் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுப் புல்வெளியில் சின்னப் பலகை நட்டு வைப்பார்கள், யாருக்கு ஓட்டு என்று. ரோஸான் அப்படி ஒன்றை நட்டாள். 'இதுதான் நாங்கள் வாங்கிய வீடு. பத்தாவது முயற்சி. நிலவறையில் தண்ணீர் வரும்.' இரண்டு நாளில் பக்கத்து வீட்டில் ஒன்று முளைத்தது: 'ஏழாவது முயற்சி. கூரை ஒழுகியதை யாரும் சொல்லவில்லை.' மூலைவீட்டில்: 'மாமனார் இறந்ததால் வாங்க முடிந்தது.' அதற்கடுத்து: 'பதினான்கு. இன்னும் வாடகைதான்.' தெருமுனைவரை போய், அடுத்த தெருவுக்கும் தாவியது. நான் யோசித்து யோசித்துக் கடைசியாக நட்டேன்: 'விற்பனைக்கு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.'

சேனலின் வக்கீல் ரோஸானுக்கு ஒரு கடிதம் அனுப்பினார், பலகை நிகழ்ச்சியின் பெயரைக் கெடுப்பதாக. அவள் பத்திரத்தின் நகலை அனுப்பினாள். அப்புறம் கடிதம் வரவில்லை.

நிகழ்ச்சி இன்னும் ஓடுகிறது. கோர்ட்னிக்குப் பதவி உயர்வு கிடைத்தது, இப்போது உண்மையைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் துறைக்கு அவள்தான் தலைவி. டிரெவர் வேலையை விட்டுவிட்டு மெத்தை விற்கிறான். ஆறாவது வீடும் கைநழுவிப் போனதாக ரோஸானுக்குத் தபால் அட்டை எழுதியிருந்தான். நாயைச் சேனல் திரும்பக் கேட்கவில்லை, அது எதிர்வீட்டில் இருக்கிறது. டுவெய்ன் கூரையை மாற்றினான், வேறொரு மூலையில் ஒழுகுகிறது. எல்மர் படப்பிடிப்புக்குப் பிறகு அந்தக் கேள்வியை மறுபடி தினமும் கேட்கத் தொடங்கினார். ரோஸான் தினமும் பத்திரத்தைக் காட்டினாள். மடித்து மடித்து அது நாலாகக் கிழிந்தபோது நான் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு குளிர்காலம் கழித்து, தன் அறையில், தன் கட்டிலில் அவர் இறந்தார். மோட்டாரை இப்போது ரோஸான் பார்த்துக்கொள்கிறாள். நான் புத்தகங்களைத் திருப்பி அடுக்கி முடிக்க ஏழு மாதம் ஆனது. சுவர் நீலமாகவே இருக்கிறது.